தேவாலாவில் மழை பெய்த நாட்கள்

புதுக்கரை நகர் பன்னிரண்டாம் பிளாக்கில் வலிகள் வீடு மாறிய அந்த ஆடி மாதத் திங்கட்கிழமை காலையில், ஏழாம் மாடி ரோஸ்மேரி தண்ணீர் லாரிக்குக் குடம் எடுத்துக்கொண்டு படி இறங்கியவள், ஒவ்வொரு தளத்திலும் நின்று முழங்காலைத் தடவிக்கொள்ளும் வழக்கத்தை மறந்து ஒரே மூச்சில் கீழே வந்துவிட்டு, தனக்கு என்ன ஆயிற்று என்று குனிந்து தன் கால்களையே பார்த்தாள்; அதே நேரத்தில் மூன்றாம் மாடியில், பைக்கில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் இருபத்தைந்து வயது ஆள் ஒருவன் கட்டிலிலிருந்து காலைத் தரையில் ஊன்ற முடியாமல், முழங்காலுக்குள் மணலைப் போட்டு அரைப்பதுபோல் இருக்கிறதே என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். எட்டு மணிக்குள் ஆறாம் மாடிக்காரரின் பல்வலி நான்காம் மாடிக்கும், நான்காம் மாடிக்காரியின் ஒற்றைத் தலைவலி எட்டாம் மாடிக்கும் போய்ச் சேர்ந்திருந்தன. பத்து மணிக்கு, யாரையும் உட்காரச் சொல்லிப் பேசியறியாத குடியிருப்போர் சங்கத் தலைவர் ஜெகதீசன், ஐம்பத்திரண்டு வயது, முறுக்கிய மீசை, டீக்கடை பெஞ்சிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தார். அவரை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு போன அதே அரசு மருத்துவமனையின் மேல்தளத்தில், முதல் நாள் சேர்க்கப்பட்டிருந்த இரண்டாம் மாடி அஞ்சலை, பிரசவ அறையில் கால்மேல் கால் போடாத குறையாகப் படுத்துக்கொண்டு, பசிக்கிறது, இரண்டு இட்லி கிடைக்குமா என்று நர்சிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்று பத்துக்குக் குழந்தை அழுதது. ஒன்று பத்துக்கு ஜெகதீசனின் வலி நின்றது. அவர் கண்ணைத் திறந்து, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, எதிரில் நின்ற டாக்டரிடம் களைத்த குரலில், "பொண்ணா, பையனா?" என்று கேட்டார்.

பிளாக்கில் யாரும் இது ஏன் நடந்தது என்று கேட்கவில்லை. ஆற்றங்கரையிலிருந்த குடிசைகளை ஒரே பகலில் இடித்து, சட்டி பானைகளோடு லாரியில் ஏற்றி, இருபத்தேழு கிலோமீட்டர் தள்ளி, சதுப்பில் மண் கொட்டிக் கட்டிய எட்டு மாடியில் கொண்டுவந்து இறக்கியபோதே அவர்கள் ஏன் என்று கேட்டுப் பார்த்திருந்தார்கள்; பதில் வராத கேள்விகளுக்குச் செலவழிக்க இனி அவர்களிடம் மூச்சு இல்லை. அவர்கள் கேட்டது வேறு. என்னிடம் வந்திருப்பது யாருடையது, என்னுடையது யாரிடம் போயிருக்கிறது. அதைக் கேட்கத் தரைத்தளத்தில் விசாகாவின் அறை வாசலுக்கு வந்தார்கள்.

விசாகாவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. அவளுடைய அப்பா பெரம்பூர் ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்தவர். கன்னியப்பன் என்ற பெயரை இளவயதிலேயே தம்மசீலன் என்று மாற்றிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைச் சட்டை போட்டுத் தெருக்கோடி விகாரைக்குப் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவர். தன் இரண்டு பெண்களுக்கும் புத்தர் காலத்துப் பெயர்களாகத் தேடி வைத்தார். மூத்தவள் விசாகா. பன்னிரண்டு வருடம் கழித்துப் பிறந்த இளையவள் உற்பலா.

விசாகா சமூகப்பணி படித்து, ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து, இடம் பெயர்க்கப்பட்ட மக்களோடு வேலை செய்ய வந்தபோது, மற்றவர்கள் எல்லாரும் படிவத்தோடு வந்தார்கள், அவள் ஒரு நாற்பது பக்க நோட்டோடு வந்தாள். அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் நான்கு கேள்விகள்தான். எங்கே வலிக்கிறது? எதனால் வலிக்கிறது? அது இல்லாமல் இருக்க முடியுமா? அதற்கு எந்த வழியில் போகவேண்டும்? புத்தர் சொன்ன நான்கு உண்மைகளை அவள் இப்படித்தான் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்திருந்தாள், அதைச் சொல்லிக்கொள்ளாமல். உங்களுக்கு என்ன தரட்டும் என்று அவள் யாரையும் கேட்டதில்லை. எதுவும் தானாக முளைப்பதில்லை, ஒவ்வொன்றுக்கும் பின்னால் இன்னொன்று அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பது அவள் நம்பிக்கை. ரோஸ்மேரியின் முழங்காலுக்குப் பின்னால் ஓடாத லிப்ட் இருந்தது, லிப்டுக்குப் பின்னால் ஒரு மோட்டார் இருந்தது, மோட்டாருக்குப் பின்னால் யாரும் கையெழுத்துப் போடாத ஒரு காகிதம் இருந்தது, காகிதத்துக்குப் பின்னால் ஏழாம் மாடிக்காரியின் முழங்கால் கீழ் மாடிக்காரர்களுக்கு வலிக்கவில்லை என்பது இருந்தது. இதை அவள் ஆறு வருடமாகக் கூட்டம் போட்டுச் சொன்னாள். கூட்டத்துக்கு ஒன்பது பேர் வருவார்கள். அதில் மூன்று பேர் மின்விசிறிக்காக வருவார்கள்.

அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு கூட்டம் தேவைப்படவில்லை. விசாகா ஒரு கரும்பலகையை வாசலில் மாட்டி நடுவில் கோடு போட்டாள். இடப்பக்கம், வந்திருப்பது. வலப்பக்கம், காணாமல் போயிருப்பது. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் நின்று எழுதிவிட்டுப் போனார்கள்: நாலாவது மாடி, வலது தோள், பளு தூக்கிய வலி. ஐந்தாவது மாடி, அடிவயிறு, மாதத்து வலி, வந்திருப்பது எனக்கு, நான் ஆம்பளை, யாருடையது என்று சொன்னால் புண்ணியமாகப் போகும். மாலைக்குள் இடதும் வலதும் பொருந்திப் பெயர்கள் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு நடந்தவற்றை யாரும் தர்மம் என்றோ சேவை என்றோ சொல்லவில்லை. மூன்றாம் மாடி இளைஞன் ரோஸ்மேரியை பைக்கில் உட்காரவைத்து எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனான், ஏனென்றால் அவள் மருந்து சாப்பிடாவிட்டால் அவனால் பைக்கை உதைக்க முடியாது. ஒரு வாரத்தில் அவள் குடத்தை அவனே தூக்கினான், இரண்டு வாரத்தில் முதல் மாடியிலிருந்து எட்டாம் மாடிவரை நாற்பது பேர், எல்லாரும் யாரோ ஒரு கிழவியின் கால்களைச் சுமந்துகொண்டிருந்தவர்கள், குடிசை மாற்று வாரிய அலுவலகத்தின் படிகளில் போய் உட்கார்ந்தார்கள், எழுந்திருக்கச் சொன்னபோது எங்களால் எழுந்திருக்க முடியவில்லை சார் என்று உண்மையையே சொன்னார்கள், நான்காம் நாள் லிப்ட் ஓடியது.

எட்டாம் மாடியில் ஒருவன் குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடித்தான். அந்த அடி அவனோடு சேர்ந்து குடித்துவிட்டு இரண்டாம் மாடிக்குத் திரும்பியிருந்த அவன் சிநேகிதனின் முதுகில் விழுந்தது. சிநேகிதன் சட்டை போடாமல் ஆறு மாடி ஏறிப்போய், "மச்சான், இத்தயாடா தெனம் வாங்கினு இருந்துச்சு அந்தப் பொண்ணு" என்று சொல்லி அவன் வாசலிலேயே உட்கார்ந்து அழுதான். ஜெகதீசனோ, பிளாக்கில் எந்தப் பெண் பிள்ளைபெறப் போனாலும் கூடவே போனார். மீசையை இறக்கிவிட்டிருந்தார். பேசும்போது முதலில் "உக்காரும்மா" என்று சொல்லத் தொடங்கியிருந்தார்.

ஆய்வு செய்ய மூன்று அதிகாரிகள் வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த படிவத்தில் இதற்கான கட்டம் இல்லாததால், தண்ணீர்ப் பிரச்சினை என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் போனார்கள்.

விசாகாவுக்கு வலி வந்தது வியாழக்கிழமை. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்த காலை பதினோரு மணிக்கு, நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது, இடது மணிக்கட்டின் உள்பக்கம், கட்டைவிரலுக்குக் கீழே, பழைய காயத்துக்குள் குளிர்ந்த கம்பியை மெல்ல நுழைப்பதுபோல் ஒரு வலி. எல்லாரையும் போல அவளும் பலகையில் எழுதினாள். வலப்பக்கத்தில் அதற்கு ஆள் வரவில்லை. மறுநாள் வலி இல்லை. அதற்கு மறுநாள் வந்தது, மாலைவரை இருந்தது. பிளாக்கின் தொண்ணூற்றாறு வீடுகளிலும் விசாரித்தாள். இடது மணிக்கட்டு வலி யாருக்கும் இருந்ததில்லை, ஆகவே யாருக்கும் காணாமல் போகவில்லை. பத்து நாள் பலகையில் மற்றதெல்லாம் அழிந்து அழிந்து எழுதப்பட்டபோது அந்த ஒரு வரி மட்டும் அழியாமல் இருந்தது. பதினோராம் நாள், அடுப்பில் உலை கொதிக்கும்போது, அவள் வலது கை தன்னையறியாமல் இடது மணிக்கட்டைப் பிடித்துக் கட்டைவிரலால் வட்டமாகத் தேய்த்தது. அப்படித் தேய்க்கிற கையை அவள் பார்த்திருக்கிறாள். மழை நாட்களில், பெரம்பூர் வீட்டு ஜன்னலோரத்தில், பாடப் புத்தகத்தைத் தொடையில் கவிழ்த்துவைத்துவிட்டு.

உற்பலாவுக்கு ஆறு வயதாக இருக்கும்போது, நகர்ந்துவிட்ட ரயிலைப் பிடிக்க அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியவள் விசாகா. ரயில் கிடைத்தது. மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிய பிறகும், வானம் மூடினால் அந்தக் கைக்கு முதலில் தெரிந்துவிடும்.

பிறகு அம்மா போனாள், சில வருடத்தில் அப்பா படுத்தார். அப்போது விசாகாவுக்கு முப்பத்தோரு வயது, வெள்ளத்தில் வீடிழந்தவர்கள் முகாமில் இரவு பகலாக வேலை. அப்பாவைத் தூக்கி, துடைத்து, ஊட்டியவள் உற்பலா. நர்சிங் சேர இடம் கிடைத்தும் போகாமல் நின்றவள் அவள். ஒவ்வொரு முறை விசாகா வீட்டுக்கு வரும்போதும், "அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்குவாள். "ஒரு வாரம் போகட்டும்டா" என்பாள் விசாகா, செருப்பைக்கூடக் கழற்றாமல். அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள் உற்பலா வீட்டில் இல்லை. அரிசி டப்பாவின் மேல் ஒரு காகிதம் இருந்தது. உனக்கு உலகம் பூரா தங்கச்சிங்க இருக்காங்க, நான் போறேன். பத்தொன்பது வயது. போலீசில் எழுதிக்கொடுத்து, தோழிகளின் வீடுகளில் கேட்டு, ஆசிரமங்களின் பதிவேடுகளைப் புரட்டி, இரண்டு வருடம் தேடிய பிறகு விசாகா தேடுவதை நிறுத்தினாள், நிறுத்திவிட்டதாக எல்லாரிடமும் சொன்னாள். எல்லா உயிர்மேலும் ஒரே அளவு அன்பு வைக்கவேண்டும், இவள் என்னுடையவள் என்று ஒருத்தியைப் பிடித்துக்கொள்வதுதான் துக்கத்தின் வேர் என்று காலையில் உட்கார்ந்து தனக்குச் சொல்லிக்கொள்வாள். அன்பு ஒரே அளவாகத்தான் எல்லார் மேலும் போனது, நடுவில் ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணின் அளவுக்கு ஓர் இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு.

வலிக்கு ரேஷன் கார்டு முகவரி தேவைப்படவில்லை என்று விசாகா புரிந்துகொண்டாள். உற்பலா உயிரோடு இருக்கிறாள். அவள் இருக்கிற இடத்தில் மழை பெய்கிறது.

அன்றிலிருந்து அவள் பேப்பரில் மழை அளவு போடும் பத்தியைக் கத்திரித்துச் சேர்க்கத் தொடங்கினாள். கை வலித்த நாட்களை நோட்டில் குறித்துக்கொண்டு, அந்த நாட்களில் எந்தெந்த ஊர்களில் மழை என்று ஒட்டிப் பார்த்தாள். முதல் மாதத்தில் இருபத்தாறு ஊர்கள் இருந்தன. வால்பாறையில் பெய்து கை வலிக்காத ஒரு செவ்வாய்க்கிழமையில் வால்பாறையைக் கோடிட்டு அடித்தாள். நாகர்கோவில், பேச்சிப்பாறை, தென்காசி ஒவ்வொன்றாகப் போயின. மழை இல்லாத நாட்களில் கை சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருக்கும் கையோடு அவளுக்கு எதிலும் மனம் நிற்காது, யாராவது தன் வலியைச் சொல்லும்போது கேட்டுக்கொண்டே விரல்களால் மணிக்கட்டைத் தட்டி எழுப்பிப் பார்ப்பாள். வலி வந்துவிட்டால் முகம் தெளிந்துவிடும். எழுந்து போய் வெயிலில் நின்று, இல்லாத மழையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். புரட்டாசி பிறந்து நான்காம் நாள், மாநிலம் முழுக்க வறண்டிருந்தது, அவள் கை மட்டும் விடியலிலிருந்து இழுத்தது. மறுநாள் பேப்பரில் ஒரே ஓர் ஊர் இருந்தது. தேவாலா, நீலகிரி மாவட்டம், மூன்று சென்டிமீட்டர்.

விசாகா அந்தத் துண்டை ஒட்டினாள். ஆனால் போகவில்லை. பன்னிரண்டாம் பிளாக்கைப் பார்த்துப் பதினோராம் பிளாக்கிலும் பலகை மாட்டியிருந்தார்கள், அங்கே வலி மாறவில்லை, ஆனாலும் எழுதினார்கள், அவர்களுக்கு உதவவேண்டும். அடி வாங்கிக்கொண்டிருந்த எட்டாம் மாடிக்காரி வேலை தேடுகிறாள். தையல் பயிற்சி தொடங்கவேண்டும். இன்னும் ஒன்று இருந்தது, அதை அவள் நோட்டில் எழுதவில்லை. ஆஸ்பத்திரிவரை, வாரிய அலுவலகம்வரை கூடவே வரும் வலி, நகருக்கு வெளியே மேம்பாலத்தைத் தாண்டினால் அவரவர் உடம்புக்குத் திரும்பவில்லை, ஆனால் சுமந்தவரிடமும் இருக்கவில்லை, எல்லையில் நின்றுவிட்டது. பஸ் ஏறினால் அவள் கை வெறும் கையாகிவிடும். போய்ச் சேர்ந்த ஊரில் உற்பலா இல்லையென்றால், அல்லது இருந்து கதவைச் சாத்திவிட்டால், திரும்பி வரும்போது இந்த வலியும் தன்னிடம் இருக்காது என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

அவளைத் தேடி ஒருநாள் மத்தியானம் தேசிங்கு வந்தார். முதல் மாடி. ஆற்றங்கரையில் இருந்த காலத்தில் சரக்கு ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி மிதித்தவர், அறுபத்து மூன்று வயது, தனிக்கட்டை. ஆறு வருடத்தில் ஒரு மனுவில்கூடக் கையெழுத்துப் போடாதவர், கூட்டம் நடக்கும்போது எதிரில் குத்துக்காலிட்டு பீடி குடித்துக்கொண்டு சிரிப்பவர். பலகையிலும் அவர் எதுவும் எழுதியதில்லை. அவருக்கு எதுவும் வரவில்லை என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

"விசாகாம்மா, உன்னாண்ட ஒண்ணு பேசணும். வேல இருந்தா பரவால்ல, வெளிய குந்திகினு இருக்கேன்."

"வாங்கண்ணா. உக்காருங்க. எங்க வலிக்குது?"

தேசிங்கு சிரித்தார். "அத்த நீ என்னிய கேக்கறியா" என்று சொல்லி, சட்டைப் பொத்தானைத் திறந்து நெஞ்சுக்குழிக்குச் சற்று மேலே விரலை வைத்தார். "தோ, இங்க. மூணு மாசமா கீது. ஆஸ்பத்திரில படம் புட்ச்சாங்கோ, ஒண்ணும் இல்லன்னாங்கோ. எனக்குத் தெரியும் ஒண்ணும் இல்லன்னு. இது என்துல்ல."

"யாருதுன்னு தெரிஞ்சுதா?"

"மொத நாளே தெரிஞ்சுபோச்சி. நீ கவனிச்சியா இல்லியா, இந்த பிளாக்ல சின்னது பெர்சு அல்லாரும் உன்ன அக்கா அக்கான்னுதான் கூப்புடுது. யாராவது வாசல்ல வந்து அக்கான்னு ஒரு கொரல் குட்த்தா போதும், நான் மேல எங்கனா டீ குடிச்சினு இருப்பேன், இங்க ஒரு கல்லு எறங்கும். காத்தாலேந்து பொழுது சாயற வரைக்கும் எறங்கும். நாளைக்கு அறுவது வாட்டி, எழுவது வாட்டி."

மின்விசிறி சுற்றியது. வெளியே யாரோ ஒரு பெண், அக்கா இருக்காங்களா என்று கேட்டாள். தேசிங்கின் தோள் ஒரு முறை குலுங்கி அடங்கியது.

"பாத்தியா" என்றார். "பலகைல எழுதல. பொம்பள மனசுல கீறத எப்டி எழுதறது. ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சிக்காத. இத்தினி வருசமா இத்த நெஞ்சுல வச்சிகினு எப்டிம்மா எங்கள அல்லாம் நீ ஒக்காத்தி வச்சி கேட்டுகினு இருந்த?"

"அதுக்காகத்தான் கேட்டேன்னு நினைக்கிறேன்" என்றாள் விசாகா. அவள் இதை யாரிடமும் சொன்னதில்லை, தன்னிடமும் சொன்னதில்லை. பிறகு உற்பலாவைப் பற்றி, மணிக்கட்டைப் பற்றி, ஒட்டிவைத்த பேப்பர் துண்டுகளைப் பற்றிச் சொன்னாள். தேசிங்கு நோட்டை வாங்கிப் படிக்கத் தெரியாமலேயே ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"ஊர் பேரு தெரிஞ்சி பதிமூணு நாள் ஆவுதா?"

"ஆமா."

"அப்பறம் இன்னாத்துக்கு இங்க குந்திகினு கீற?"

"நான் போயிட்டா இங்க..."

"இங்க நாங்க கீறோம்" என்றார் தேசிங்கு. "தொண்ணூத்தாறு வீடு கீது. நீ இன்னா, பூமிய முட்டு குட்த்து நிறுத்தி வச்சிகினு கீறியா? நீ போய் பாரு. கெடச்சா கூட்டியா, கெடைக்கலன்னா திரும்பி வா. ரெண்டுல எது ஆனாலும் நெஞ்சு யாருது? என்துதான வலிக்கப்போவுது. நான் தாங்கிக்கறேன். இப்டி நட்டநடுல வச்சிகினு தாங்க முடியல."

அவள் மறுநாள் காலையிலேயே கிளம்பினாள். பலகைக்கு ரோஸ்மேரியும், பதினோராம் பிளாக்குக்கு ஜெகதீசனும் பொறுப்பேற்றுக்கொண்டார்கள். கார்த்திகை மழை பிடித்தபோது பன்னிரண்டாம் பிளாக்கின் வலிகள் ஒவ்வொன்றாக அவரவர் உடம்புக்கே திரும்பிவிட்டன. தன் வலி மட்டுமே தன்னிடம் இருப்பது எவ்வளவு தனிமையான காரியம் என்று உணர்ந்து, அந்த மக்கள் பல நாட்கள் தெரியாத ஊரில் இறங்கியவர்கள்போல நடமாடினார்கள், ஜெகதீசன் பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில் எந்த வலியும் இல்லாமல் உட்கார்ந்து, உள்ளே கத்துகிற பெண்ணுக்காக வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதார், பலகையை யாரும் கழற்றவில்லை. ஆனால் அது பின்னால் நடந்தது. விசாகா கிளம்பிய நாளில் எல்லாம் இடம் மாறியே இருந்தது, நகரைத் தாண்டி பஸ் மேம்பாலம் ஏறியதும் அவள் இடது கை இறந்ததுபோல் அமைதியானது.

கோயம்புத்தூர், ஊட்டி, கூடலூர் என்று மாறி மாறி, மறுநாள் பத்தரை மணிக்கு தேவாலாவில் இறங்கினாள். மழை இல்லை, மழை நின்று ஐந்து நிமிடம் ஆனதுபோல் எல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. தேயிலைச் சரிவுகள் மேகத்துக்குள் ஏறி மறைந்தன. டீக்கடைக்காரரிடம் உற்பலா என்ற பெயரைச் சொன்னாள். அப்படி ஒரு பெயரை அவர் கேட்டதில்லை. முப்பத்து மூன்று வயது இருக்கும், மெட்ராஸ் பக்கம், இடது கையில் ஒரு பழைய முறிவு என்றாள்.

"பலா டீச்சரையா கேக்கிறீங்க? எஸ்டேட்ல புள்ளைங்கள பாத்துக்கிற கிரீச் டீச்சர். அவங்க மெட்ராசுதான். சிலோன்லயிருந்து திரும்பி வந்த குடும்பத்துல கட்டிக்கிட்டாங்க" என்றவர், குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். "நல்ல மனுஷிதான். இந்த மூணு மாசமாத்தான் என்னமோ ஆயிருச்சி. மழை வந்தா எல்லாரும் உள்ள ஓடுவோம், அவங்க வெளிய வந்து கைய நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க."

கிரீச் மேட்டின்மேல் இருந்தது. தகரக் கூரை, பச்சை அடித்த ஜன்னல்கள், உள்ளே சேலைத் தொட்டில்களில் இலை பறிக்கப் போனவர்களின் குழந்தைகள் தூங்கின. உற்பலா வாசலில் உட்கார்ந்து ஒரு பாத்திரத்தில் சத்துமாவு கரைத்துக்கொண்டிருந்தாள். உடம்பு போட்டிருந்தது, காதோரம் நரைத்திருந்தது. ஏறிவருகிற உருவத்தை முதலில் வேறு யாரோ என்று பார்த்தாள், பிறகு பார்ப்பதை நிறுத்தாமல் கரைப்பதை நிறுத்தினாள்.

"எதுக்கு வந்த?"

பதினான்கு வருடமாக விசாகா எத்தனையோ வாக்கியங்களைத் தயாரித்து வைத்திருந்தாள். "கை வலிச்சுது" என்றாள்.

"யாரு கை?"

"உன் கை."

உற்பலா தன் இடது மணிக்கட்டைப் பார்த்தாள், பிறகு அக்காவுடையதை. அவள் முகத்தில் ஆச்சரியம் எதுவும் வரவில்லை. வெகுநாள் தேடிய பொருள் இன்னார் வீட்டில் இருக்கிறது என்று தெரியவந்தவளின் கோபம்தான் வந்தது.

"அதான் காணோமா" என்றாள். "நான் டாக்டர்கிட்டகூட போனேன். வலிக்குதுன்னு எல்லாரும் வருவாங்க, நீங்க வலிக்கலன்னு வர்றீங்கன்னு சிரிச்சாரு. அத எதுக்கு நீ எடுத்த? அந்த வீட்டுலேர்ந்து நான் எடுத்துட்டு வந்தது அது ஒண்ணுதான்."

"நான் எடுக்கல உற்பலா. வந்துது."

"ஒவ்வொரு மழைக்கும் வலிக்கும். வலிக்கும்போது நீ என்னைக் கையப் புடிச்சி இழுத்துக்கிட்டு ஓடுவ. விட மாட்ட. ரயில் கெடச்சாலும் விட மாட்ட. அந்த வாட்டி மட்டுந்தான் நீ என் கைய விடல" என்றாள் உற்பலா, மாவுக் கையோடு. "இந்த வருசம் இவ்ளோ மழை பெஞ்சுது. நீ வரவேயில்ல."

விசாகா படியில் உட்கார்ந்தாள். தங்கைக்குப் பக்கத்தில் இல்லை, ஒரு படி கீழே. மேகம் சரிவில் இறங்கி, தேயிலையை மூடி, எதிர்மேட்டை மூடி, தகரத்தின்மேல் முதலில் நாலைந்து துளிகளாகவும் பிறகு ஒரே இரைச்சலாகவும் பெய்தது. இருவரும் இடது கையை மடிமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். விசாகாவின் கையில் வரவில்லை. உற்பலாவின் முகத்தைப் பார்த்தாள். அங்கேயும் வரவில்லை.

அப்போது விசாகாவின் போன் அடித்தது. தேசிங்கு. மழைச் சத்தத்தில் கேட்க முடியாமல் ஒலியைக் கூட்டி நடுவில் வைத்தாள்.

"விசாகாம்மா, போய்ச் சேந்தியா? இப்பதான், ஒரு அஞ்சி நிமிசம் ஆவுது, நெஞ்சுல கீற கல்லு காணாம போச்சி. இன்னாடா இதுன்னு எழுந்தா, எடது கை புட்ச்சி இழுக்குது பாரு, கட்டவெரலுக்குக் கீழ, கம்பிய வுட்டு நோண்டறா மாரி. அங்க மழையா?"

"மழைதாண்ணா" என்றாள் விசாகா.

"அப்ப அது வந்துச்சி. யப்பா, இத்தயா ஒரு பொண்ணு சின்ன வயசுலேந்து வச்சினு இருந்துச்சி? இதுக்கு இன்னா பண்றதுன்னு கேட்டு சொல்லு. தைலம் தடவட்டா, சும்மா வுடட்டா?"

உற்பலா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்துக் காதில் வைத்தாள்.

"தைலம் வேணாங்க" என்றாள். "எரியும். உப்ப வறுத்து துணில கட்டி ஒத்தடம் குடுங்க. ரொம்ப சூடா வேணாம். கைய தொங்கப் போடாதீங்க, நெஞ்சுமேல வச்சிக்கங்க. நீங்க யாரு, எங்க இருக்கீங்க? வீட்ல யாரும் இல்லியா? அப்ப பக்கத்து வீட்ல உப்பு வறுத்துத் தரச் சொல்லுங்க, ஒத்தக் கையால நீங்க செய்யாதீங்க."

அந்தப் பக்கம் அவர் என்னவோ கேட்டார்.

"நான் தங்கச்சிங்க" என்றாள் உற்பலா. பிறகு, "ஆமா, ரொம்ப நாளா. ஆறு வயசுலேர்ந்து. இல்ல, கை மட்டும் இல்ல" என்றாள். எழுந்து தூணில் சாய்ந்து மழையைப் பார்த்துக்கொண்டு, முகம் தெரியாத அந்தக் கிழவரிடம், ரயிலைப் பற்றிச் சொன்னாள். அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது இந்தக் கை தாங்காமல் ஒரு நாள் அவரைக் கீழே போட்டுவிட்டதைப் பற்றி, அவர் அதை அக்காவிடம் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதைப் பற்றி, அதற்கப்புறம் எட்டு நாளில் அவர் போனதைப் பற்றி, என்னாலதான் போனாரா என்று கேட்க வீட்டில் ஆள் வருவதற்காக ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்ததைப் பற்றிச் சொன்னாள். வருகிற ஆள் செருப்பைக் கழற்றட்டும், அப்போது கேட்கலாம் என்று இருந்தேன் என்றாள்.

மலை ஊரில் மழை நேரத்தில் சிக்னல் நிற்காது. உற்பலாவின் காதோரத்தில் போனின் வெளிச்சம் அணைந்து இணைப்பு அறுந்துபோனதைக் கீழ்ப்படியிலிருந்த விசாகா பார்த்தாள். உற்பலா பேசிக்கொண்டேயிருந்தாள். அவளுக்குத் தெரிந்ததா இல்லையா என்று விசாகாவால் சொல்ல முடியவில்லை, ஆனால் அவள் குரல் கொஞ்சம் தணிந்து, மழையைவிட்டுத் திரும்பி, படிப்பக்கமாக வந்தது. விசாகா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.